பழுப்புக் கரியின் ஊரில் கவிஞராவது

நெய்வேலியில் கவிதை எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஷிப்ட் பஸ்ஸில் சுரங்கத்துக்குப் போகிறவர், பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவர், மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கிறவர், கல்லூரி முடித்துவிட்டு ஒப்பந்த வேலைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறவர் என்று பலரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. நோட்டைக் காட்டியதும் அடுத்துக் கேட்பது ஒரே கேள்விதான்: “இதுல முன்னுக்கு வர என்ன செய்யணும்? சென்னைக்குப் போகணுமா? யாரையாவது பார்க்கணுமா?”

சென்னைக்குப் போக வேண்டியதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. கவிஞராக வளர என்ன வேண்டும், வளர்ந்தபின் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்ற எல்லாவற்றுக்கும் விடை நெய்வேலியைச் சுற்றியே இருக்கிறது. கிழக்கே வடலூர். அங்கிருந்துதான் வள்ளலாரின் பிற்காலப் பாடல்கள் வந்தன. பொதுவுடைமைக் கவிஞர் தமிழ்ஒளி பிறந்த ஆடூர் இதே கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1984இலேயே ‘புல்லின் நுனியில் பனித்துளி’ என்று ஹைக்கூ தொகுப்பு கொண்டுவந்த அறிவுமதி விருத்தாசலம் பக்கத்துக்காரர். அதே விருத்தாசலத்தை ஒட்டிய மணக்கொல்லையில் இருக்கிறார் கண்மணி குணசேகரன். முந்திரியும் பலாவும் கம்பும் விளைகிற செம்மண் பூமி இது. இந்த மண்ணுக்குக் கவிதை புதிதல்ல.

இவர்களில் இன்று எழுத வருகிற ஒருவர் முதலில் கவனிக்க வேண்டியவர் கண்மணி குணசேகரன் என்று நினைக்கிறேன்.

1971இல் பிறந்தவர். தொழிற்பயிற்சி படித்துவிட்டு அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக் வேலைக்குப் போனார். பஸ்ஸுக்கு அடியில் படுத்து ஸ்பேனர் பிடித்த கை அது. முதலில் எழுதியது கவிதைகள். பிறகு சிறுகதை, ‘அஞ்சலை’, ‘கோரை’, ‘நெடுஞ்சாலை’ என்று நாவல்கள். ‘நெடுஞ்சாலை’ போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களின் கதை. ‘வந்தாரங்குடி’ நெய்வேலிச் சுரங்கத்துக்காக நிலத்தையும் வீட்டையும் விட்டு எழுந்த மக்களின் கதை. இவ்வளவையும் வேலைக்குப் போய்க்கொண்டே எழுதினார். மணக்கொல்லையை விட்டுக் குடிபெயரவில்லை. இலக்கிய உலகம்தான் அவரைத் தேடிக்கொண்டு இங்கே வந்தது.

ஆனால் அவர் செய்ததில் ஒரு கவிஞருக்கு மிகப் பெரிய பாடம் நாவல்களில் இல்லை, ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யில் இருக்கிறது. தன் வட்டார மக்கள் வயலிலும் வீட்டிலும் சண்டையிலும் சாவிலும் பேசுகிற சொற்களைத் தேடித் தேடித் தொகுத்து, பொருள் எழுதி, தனி ஆளாக ஓர் அகராதியாக்கினார். பல்கலைக்கழகம் ஆள் போட்டுச் செய்திருக்க வேண்டிய வேலை. ஒரு மெக்கானிக் பணிமனை நேரம் போக மிச்ச நேரத்தில் செய்தார். கவிதையில் தேர்ச்சி பெறுவது பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். இந்த அகராதியைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. தன்னைச் சுற்றியுள்ள சொற்களைச் சேர்க்காதவர் கவிதை எழுத உட்காரும்போது வேறு யாரோ எழுதிய கவிதையின் சொற்கள்தான் கைக்கு வரும். நிலா, மௌனம், சிறகு, விடியல் என்று ஏற்கெனவே பல்லாயிரம் பேர் தொட்டுத் தேய்ந்துபோனவை.

நெய்வேலிக்காரருக்கோ சொல்லுக்கு என்ன குறை! 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாக ஏதோ வந்ததில் தொடங்குகிறது இந்த ஊரின் கதை. 1956இல் என்.எல்.சி. நிறுவனம், 1961 ஆகஸ்டில் முதல் பழுப்பு நிலக்கரி, அடுத்த ஆண்டே மின்சாரம். சோவியத் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் சுமார் அறுபது ஆண்டுகள் ஓடி 2020இல் நிறுத்தப்பட்டது. மேல்மண்ணைச் சுரண்டி எடுக்கும் ஜெர்மன் சக்கர இயந்திரங்கள், கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட், சுரங்கத்தின் அடியிலிருந்து பொங்கும் நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டிய பம்புகள், மேல்மண் கொட்டிக் கொட்டி எழுந்த மண்மலைகள், அதில் வைத்து வளர்த்த காடு. இவை ஒவ்வொன்றுக்கும் தொழிலாளர்களிடம் பெயர் உண்டு, வசவு உண்டு, கேலி உண்டு. இந்தச் சொற்களில் எத்தனை கவிதைக்குள் வந்திருக்கின்றன? மிகக் கொஞ்சம்.

சங்கக் கவிஞர்கள் நிலத்தை ஐந்தாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மரம், பறவை, தொழில், பொழுது என்று வகுத்து வைத்தார்கள். தன் நிலத்தின் பூவையும் பறவையையும் பெயர் சொல்லி அறிந்தவர்தான் காதலையே பாட முடிந்தது. முந்நூறு அடி ஆழத்துக்குப் புரட்டப்பட்ட நிலத்துக்கு என்ன மரம், என்ன பறவை, என்ன பொழுது? இந்தக் கேள்வியை நெய்வேலிக் கவிஞர்கள் கையில் எடுக்க வேண்டும். இதை எழுத வேறு ஊர்க்காரர்களால் ஆகாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில், என்.எல்.சி. வாய்க்கால் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கின. இப்படி ஒன்று நடந்தால் அன்று மாலைக்குள் செல்போனில் நூறு கவிதைகள் சுற்றுகின்றன. கோபம் நியாயமானது. எழுதுவதும் நியாயமானது. ஆனால் அந்தக் கவிதைகளில் பெரும்பாலானவற்றில் வயல் இல்லை, பயிர் எந்தப் பருவத்தில் இருந்தது என்று இல்லை, அந்த வயலுக்கு வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று இல்லை. ‘தாய்மண்’ என்ற சொல் மட்டும் இருக்கிறது. கோபத்தை வாசகரிடம் கொண்டு சேர்ப்பது விவரம்தான். மெல்ல எழுதினாலும் பார்த்ததை எழுதினால் அந்தக் கவிதை பத்தாண்டு கழித்தும் நிற்கும்.

அடுத்து, சோறு. கவிதை சோறு போடுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். போடாது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. பாரதிதாசன் புதுச்சேரியில் 37 ஆண்டுகள் தமிழாசிரியர். ஞானக்கூத்தன் பொதுப்பணித்துறையில் இருந்தார். கல்யாண்ஜி வங்கி ஊழியராக இருந்தவர். தேவதச்சனுக்குக் கோவில்பட்டியில் நகைக்கடை. பசுவய்யா என்ற பெயரில் கவிதை எழுதிய சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. லண்டனில் டி.எஸ்.எலியட் ‘தி வேஸ்ட் லேண்ட்’ வெளியிட்ட 1922இல் லாயிட்ஸ் வங்கியில்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். வேலையை எதிரியாக நினைத்து வெம்புகிற இளைஞர்கள் இந்தப் பட்டியலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சம்பளம் வருகிறவர்தான் பத்திரிகைக்காரரின் கெடுவுக்கும், மேடைக்காரரின் தயவுக்கும், சினிமாக்காரரின் மெட்டுக்கும் வளையாமல் தன் கவிதையை எழுத முடியும்.

சுரங்க ஊர்க்காரருக்கு நெருக்கமான ஒருவர் வேல்ஸ் நாட்டில் இருந்தார். இட்ரிஸ் டேவிஸ். 1905இல் ரிம்னி என்ற நிலக்கரிப் பள்ளத்தாக்கில் பிறந்தவர். பதினான்கு வயதில் சுரங்கத்துக்குள் இறங்கினார். விபத்தில் ஒரு விரலை இழந்தார். 1926இல் பிரிட்டன் முழுக்க நடந்த பொது வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வேலை போயிற்று. வேலையில்லாத அந்த நாட்களில் தானே புத்தகங்களைத் தேடிப் படித்துப் பரீட்சை எழுதி, பள்ளி ஆசிரியர் ஆனார். முதல் தொகுப்பு 1938இல், அவருடைய முப்பத்து மூன்றாம் வயதில். அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றிய முழுநீளக் கவிதை ‘தி ஆங்ரி சம்மர்’ வந்தது 1943இல். சம்பவம் நடந்து பதினேழு ஆண்டுகள் கழித்து! அதை வெளியிட்ட ஃபேபர் நிறுவனத்தில் கவிதைகளைப் பார்த்துத் தேர்ந்தவர் அதே எலியட். வேலைநிறுத்தம் அவருக்குள் அவ்வளவு காலம் கிடந்து ஊறியிருக்கிறது. இன்று நடந்ததை இன்றே பதிவிடாவிட்டால் பின்தங்கிவிடுவோம் என்று பதறுகிறவர்கள் இந்தப் பதினேழு ஆண்டுகளை நினைத்துப் பார்க்கலாம்.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது சுலபமில்லை என்று தெரியும். நிரந்தர ஊழியருக்கு வீடு, விடுப்பு, நூலகம் எல்லாம் உண்டு. பக்கத்திலேயே அதே வேலையைச் செய்கிற ஒப்பந்தக்காரருக்கு வேலையே நாளைக்கு உண்டா என்பது கேள்வி. இரவு ஷிப்ட் முடிந்து வருகிற உடம்பு தூங்கத்தான் கேட்கும். வீட்டுப் பெண்களுக்கோ ஷிப்டே முடிவதில்லை. அதனால்தான் கவிதை என்ற வடிவம் இவர்களுக்குப் பொருத்தமானது என்கிறேன். நாவலுக்கு மேசை வேண்டும், தொடர்ச்சியாக மாதங்கள் வேண்டும். ஒரு கவிதையைப் பஸ்ஸில் போகும்போதும் அடுப்படியில் நிற்கும்போதும் மனத்துக்குள் சொல்லிச் சொல்லித் திருத்தலாம். தாளில் இறங்கும் முன்பே அதில் பாதி வேலை முடிந்திருக்கும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் எந்தச் சொல் அதிகப்படி என்று காதே சொல்லிவிடும். யாப்புத் தெரியாமல் புதுக்கவிதை எழுதலாம். ஆனால் வெண்பாவும் விருத்தமும் நாலு மாதம் பழகியவரின் புதுக்கவிதையில் வரி உடைகிற இடம் தடுமாறாது. தமிழ்ஒளி கரந்தைத் தமிழ்ச் சங்கத்தில் படித்தார், பாரதிதாசனிடம் பழகினார். அந்தப் பயிற்சி அவருடைய மே தினப் பாட்டிலும் காவியங்களிலும் தெரிகிறது.

இனி, புத்தகம் போடுவது. இதில்தான் இளைஞர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். இதில்தான் வடலூரிடம் கேட்க நிறைய இருக்கிறது.

வள்ளலார் தன் பாடல்களை அச்சிட வேண்டும் என்று நினைக்கவே இல்லை. இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர் ஆண்டுக்கணக்கில் கெஞ்சினார். பாடல்கள் கைக்கு வரும்வரை ஒருவேளைதான் உண்பேன் என்று விரதம் இருந்தார். அதன்பிறகே வள்ளலார் இணங்கினார். அப்போதும், தன் பெயரோடு ‘சாமி’ என்று சேர்த்துப் போடுவது ஆரவாரமாகத் தெரிகிறது, வேண்டாம் என்று கடிதம் எழுதினார். தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களைத் திருமுறைகளாக வகுத்துப் பதிப்பித்தார். முதல் நான்கு திருமுறைகள் 1867இல் வெளிவந்தன. அதே 1867இல்தான் வடலூர் தருமச்சாலையில் அடுப்பு மூட்டப்பட்டது. ஐந்தாம் திருமுறை 1880. அவருடைய உச்சம் என்று பலரும் கருதுகிற ஆறாம் திருமுறை அச்சேறியது 1885இல், அவர் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் கதவடைத்துக்கொண்டு பதினொரு ஆண்டுகள் கழித்து. முதல் புத்தகம் வந்ததுமே எதிர்ப்பும் வந்தது. ஆறுமுக நாவலர் தரப்போடு நடந்த அருட்பா–மருட்பா வழக்காடல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை போயிற்று. ஆனாலும் பாடல்கள் இன்றுவரை வீட்டுக்கு வீடு பாடப்படுகின்றன.

வள்ளலார் துறவி, நாம் அப்படி இருக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது, தேவையும் இல்லை. ஆனால் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. ‘புத்தகமாகப் போடுங்கள்’ என்று இன்னொருவர் கேட்கிற நிலை வரும்வரை பொறுத்திருந்தால் என்ன? இன்று பலரும் நாற்பது கவிதை சேர்ந்ததும் பதிப்பாளரிடம் பணம் கட்டிவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 120 ரூபாய் விலையுள்ள தொகுப்பு, வழக்கமான பத்து சதவீத உரிமைத்தொகை என்றால் பிரதிக்கு 12 ரூபாய். முந்நூறு பிரதியும் விற்றால் 3,600 ரூபாய். கட்டிய பணமோ அதைப்போலப் பல மடங்கு. அட்டைப் பெட்டியில் கட்டிலுக்கடியில் கிடக்கிற பிரதிகளைக் கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் இலவசமாகக் கொடுத்துத் தீர்க்கிற கவிஞர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! இந்தப் பணம் இருந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு நல்ல கவிதைத் தொகுப்புகளாக வாங்கிப் படிக்கலாம்.

பாரதியே இந்தக் கணக்கில் அடிபட்டவர்தான். 1920இல் கடையத்திலிருந்து நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாக்கி ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அச்சிட வேண்டும், அதற்குக் கடன் கொடுங்கள் என்று கேட்டார். தீப்பெட்டியைப்போலச் சுலபமாக விற்கும் என்று நம்பினார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டே காலமானார். அவர் பாடல்கள் 1949இல் அரசுடைமை ஆனது பிற்பாடு நடந்த கதை. நாற்பது வயதில் 1965இல் மறைந்த தமிழ்ஒளிக்கும் அப்படித்தான். நண்பர் செ.து.சஞ்சீவி கையெழுத்துப் படிகளைப் பாதுகாத்துத் தொடர்ந்து பதிப்பித்திராவிட்டால் அவருடைய பல படைப்புகள் நமக்குக் கிடைத்திருக்காது.

இரத்தின முதலியார், வேலாயுத முதலியார், சஞ்சீவி. கவிஞருக்கு முதலில் தேவை இப்படி ஒரு வாசகர். ஆயிரம் பேர் கைதட்டுவதோ லைக் போடுவதோ அதற்கு ஈடாகாது. ‘மூன்றாவது பத்தி வேண்டாம், எடுத்துவிடு’ என்று சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும். கவியரங்க மேடையில் அவர் கிடைக்கமாட்டார். மேடை இரண்டு வரிக்கு ஒருமுறை கைதட்டல் கேட்கும், கவிஞரும் கைதட்டலுக்கு வரி கட்டப் பழகிவிடுவார். பத்து வருடம் பழகியபின் மீள்வது கடினம்.

நெய்வேலி தொழிற்சங்கங்களின் ஊர், கூட்டம் போட்டுப் பேசப் பழகிய ஊர். ‘வேர்கள்’ என்ற இலக்கிய இயக்கம் இங்கே இருந்தது. தமுஎகசவும் கலை இலக்கியப் பெருமன்றமும் இருக்கின்றன. பக்கத்துக் குறிஞ்சிப்பாடியிலிருந்து குறிஞ்சிவேலன் ‘திசை எட்டும்’ என்று மொழிபெயர்ப்புக்கென்றே ஓர் இதழ் நடத்திக் காட்டினார். மலையாளமும் பிற மொழிகளும் அந்த வழியாக இந்த மண்ணுக்கு வந்தன. விருத்தாசலத்தில் கவிஞர் கரிகாலன் முதலியோர் ‘களம் புதிது’ இதழ் நடத்தினார்கள். சி.சு.செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது புதுக்கவிதையைப் போட ஆளில்லை. 1962இல் அவர் கொண்டுவந்த ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு இருபத்து நான்கு கவிஞர்களைக் காட்டியது. நீங்களும் சிறிதாகவே தொடங்கலாம். ஐந்தாறு பேர் மாதம் ஒருமுறை ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு கவிதை படித்து, ஒளிவுமறைவில்லாமல் பேசினாலே போதும். அதற்குப் பிறகு ‘கணையாழி’, ‘காலச்சுவடு’, இணைய இதழ்கள் என்று அனுப்புங்கள். திரும்பி வந்தால் இன்னொரு முறை பாருங்கள். 35 வயதுக்குள் இருப்பவர்களுக்கு சாகித்ய அகாதமியின் யுவ புரஸ்கார் உண்டு. திருநாவலூரைச் சேர்ந்த மனுஷி 2017இல் கவிதைக்காகவே அதைப் பெற்றார். விருதை நோக்கி எழுதக் கூடாது. ஆனால் அது கைக்கெட்டாத ஒன்றல்ல என்று நம் பெண்பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்.எல்.சி. நிறுவனத்திடம் ஒரு வேண்டுகோள். 1998 முதல் நடக்கும் நெய்வேலி புத்தகக் கண்காட்சி இந்த மாவட்டத்தின் பெருமை. தினமணியோடு சேர்ந்து நடத்திய சிறுகதைப் போட்டி பல புதியவர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதேபோல், இன்னும் புத்தகமாகாத ஒரு கவிதைத் தொகுப்பின் கையெழுத்துப் படிக்கு ஆண்டுதோறும் பரிசு கொடுத்து, அச்சுச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கடலூர், அரியலூர் மாவட்டத்துக்காரர்கள் யாரும் பங்கெடுக்கலாம் என்று வையுங்கள். குறிப்பாக ஒப்பந்தத் தொழிலாளர்களும் நிலம் கொடுத்த கிராமத்துப் பிள்ளைகளும் எழுதட்டும். அவர்கள் எழுதுவது நிறுவனத்துக்குச் சில நேரம் கசக்கலாம். கசந்தாலும் அச்சிடுங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை புத்தகக் கண்காட்சிக்கு லிக்னைட் ஹாலுக்குப் போகும்போது சமையல், ஜோதிடம், போட்டித் தேர்வு வரிசையைத் தாண்டி உள்ளே போங்கள். இந்தப் பக்கத்துக் கவிஞர் ஒருவரின் தொகுப்பைக் காசு கொடுத்து வாங்குங்கள், அவர் கையெழுத்துப் போட்டு இலவசமாக நீட்டினாலும் காசு கொடுங்கள். படித்துவிட்டு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று அவருக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள்.